தோற்றுப்போன ஊர்க்காரன் சித்தூரில்!

"தமிழ் படிக்க யாராச்சும் கேரளாவுக்குப் போவாங்களாடா?"

அக்கா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பி.காம். படித்தவனிடம் பற்று, வரவு கேட்டால் சொல்லலாம். விஷயம் இதுதான். பிளஸ் டூ முடித்த அக்கா பெண், கொழிஞ்சாம்பாறை சிநேகிதியோடு சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். "நீ சும்மாதானே இருக்கே, போய்ப் பார்த்துட்டு வாடா தம்பி" என்றாள் அக்கா. பத்திரிகைக்கு எழுதுவதற்கு எங்கள் வீட்டில் 'சும்மா இருப்பது' என்று பெயர்.

சித்தூர் என்றதும் திருப்பதி பக்கம் போய்விடாதீர்கள். இது பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர். கோவை உக்கடத்தில் பஸ் ஏறி, வேலந்தாவளத்தில் எல்லை தாண்டி, கொழிஞ்சாம்பாறையில் வேறு பஸ் பிடித்தால் ஆயிற்று. எல்லை தாண்டியும் அதே பனைமரம், அதே கணவாய்க் காற்று. டீ மட்டும் சாயாவாகிறது.

இறங்கியதும் ஒரு கடையில், சினிமாவில் கற்ற மலையாளத்தை எடுத்துவிட்டேன். "சேட்டா, ஒரு சாயா தரணும்!"

கடைக்காரர் ஏற இறங்கப் பார்த்தார். "கோயமுத்தூருங்களா? சர்க்கரை தூக்கலா வேணுமுங்களா?"

மானம் போனது. ஆனால் சாயா நன்றாக இருந்தது. அடுத்த ஆளிடம் அவர் மலையாளத்துக்குத் தாவினார். மூன்றாவது ஆளிடம் பாதி இது, பாதி அது. கியர் மாற்றும் சத்தமே கேட்கவில்லை!

இந்தக் கலவைக்குக் காரணம் உண்டு. சித்தூர் அந்தக் காலத்தில் கொச்சி ராஜாவின் சீமை. ஆனால் கொச்சியோடு ஒட்டாமல் தனித்துக் கிடந்தது. சுற்றிலும் வெள்ளைக்காரனின் மதராஸ் மாகாணம். 1956-ல் மொழிவாரியாகக் கோடு போட்டபோது ஊர் கேரளாவுக்குப் போயிற்று. கோடு வரைபடத்தில் விழுந்ததே தவிர, நாக்கில் விழவில்லை. 'மிஸ்ஸியம்மா'வில் (1955) பாடிய பி. லீலா பிறந்தது இந்த ஊரில்தான். தமிழ், மலையாளம் இரண்டுமே அவரைத் தன் வீட்டுப் பெண் என்று சொல்லிக்கொண்டன.

ஊரை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு சோகநாசினி என்று பெயர். சோகத்தை நாசம் செய்கிறவள்! மலையாளத்தின் தந்தை என்று கொண்டாடப்படும் எழுத்தச்சன் கடைசிக் காலத்தில் தங்கிய மடம் இங்கேதான் இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் நம் பக்கத்திலிருந்துதான் வர வேண்டும். 1970-ல் கையெழுத்தான பரம்பிக்குளம் - ஆழியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. மணக்கடவு வழியாக விட வேண்டும். குறைந்தால் சோகநாசினிக்கே சோகம்தான்.

இன்னொரு செய்தி கேட்டுக் கொஞ்சம் ஆடிப்போனேன். மாசி மாதம் பகவதி கோயிலில் 'கொங்கன்படை' என்று திருவிழா. கொங்கு நாட்டு ராஜா படையெடுத்து வந்தானாம், பகவதியே இறங்கி விரட்டினாளாம். அதைத்தான் வருஷா வருஷம் கொண்டாடுகிறார்கள். தோற்ற கட்சியின் வாரிசு அங்கேயே நின்று சாயா குடிக்கிறேன்! கடைக்காரர் சிரித்தார். "பயப்படாதீங்க, அது பழைய கணக்கு."

ஆற்றங்கரையில் கல்லூரி. நாடு சுதந்திரம் பெற்ற 1947-லேயே தொடங்கியது. கோழிக்கோடு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. தமிழ்த் துறை இருக்கிறது, எம்.ஏ. வரை படிக்கலாம். மரத்தடியில் இரண்டு பெண்கள் தமிழில் ஆரம்பித்த சண்டையை மலையாளத்தில் முடித்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் சரி, ஆனால் அக்காவின் கேள்விக்குப் பதில்? அது திரும்பி வரும்போது சாயாக் கடையில்தான் கிடைத்தது.

"பத்திரிகையில எழுதறீங்களா? எனக்குத் தமிழ் பேசத்தான் வரும். படிச்சதெல்லாம் மலையாளம். எழுத்து தெரியாதுங்க" என்றவர், தயங்கித் தயங்கி ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். செத்துப்போன அப்பாவுடையதாம். "என்ன எழுதியிருக்கார்னு பார்த்துச் சொல்றீங்களா?"

கடைக் கணக்கு. என் பி.காம். முதன்முறையாகப் பயன்பட்டது! பால், சர்க்கரை, விறகு, யார் எவ்வளவு பாக்கி என்று படித்துக்கொண்டே போனேன். நடுவில் ஒரு வரி: 'பையனுக்கு சிலேட்டு. பாக்கி வாங்கி அடைக்கணும்.'

அவர் எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் கழித்து, "இன்னொரு தடவை படிங்க" என்றார். படித்தேன். சாயாவுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

தமிழிலேயே மனு எழுதிப்போட்டுத் தமிழிலேயே பதில் வாங்க, இங்குள்ள தமிழர்களுக்கு 1969-ம் வருஷச் சட்டத்தில் உரிமை இருக்கிறது. ஆனால் எழுத ஒரு கை வேண்டுமே! படித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டுமே!

வீட்டுக்கு வந்ததும் அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடா?"

"தமிழ் படிக்க அங்கேதான் போகணும்க்கா. அங்கேதான் ஆள் தேவைப்படுது."

அக்கா நம்பாமல் பார்த்தாள். உள்ளே பாப்பா குதிக்கும் சத்தம் கேட்டது.

"ஒண்ணு மட்டும் சொல்லி வை. கொங்கன்படை அன்னிக்கு யாராவது 'எந்த ஊரு?'ன்னு கேட்டா, கோயமுத்தூர்னு சொல்ல வேண்டாம்!"