கட்டுமாவடியில் மீன் வாசமும் மாயாஜால இரவுகளும்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் தஞ்சாவூர் மாவட்ட எல்லையைத் தாண்டியதும் வருகிறது கட்டுமாவடி. பாக் நீரிணைக் கடல் இங்கே ஆழம் குறைவு. பெரிய அலை கிடையாது. நாட்டுப்படகுகள் கரை சேர்ந்தால் மீன் மார்க்கெட் களைகட்டிவிடும். நண்டு, இறால் வாங்க வெளியூர்க்காரர்களும் வருவார்கள்.

இப்படிப்பட்ட கடலோர ஊர்களுக்கு ஒருகாலத்தில் திருவிழா என்றால் சினிமாவும்தான். வெள்ளைத் திரை கட்டி, மணலில் உட்கார்ந்து விடிய விடியப் படம் பார்ப்பார்கள். அந்த இரவுகளுக்கென்றே எடுத்தவை போலிருக்கும் பி.விட்டலாச்சாரியாவின் மாயாஜாலப் படங்கள்.

1920-ல் உடுப்பி அருகே பிறந்தவர் அவர். 1978-ல் தெலுங்கில் எடுத்த 'ஜெகன்மோகினி' தமிழிலும் பேசியது. அதில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் வைக்கும்! கிராஃபிக்ஸ் இல்லாத காலத்தில், கேமரா தந்திரத்தாலேயே பயமுறுத்தினார்.

அதற்கு முந்தைய வருடம்தான் இத்தாலியில் டாரியோ அர்ஜென்டோவின் திகில் படம் 'சஸ்பீரியா' வெளியானது. 2022-ல் நியூயார்க்கின் லிங்கன் சென்டர், அர்ஜென்டோ படங்களை வரிசையாகத் திரையிட்டுக் கௌரவித்தது.

விட்டலாச்சாரியா 1999-ல் மறைந்துவிட்டார். நம்பமுடியாத எதைக் கண்டாலும் 'விட்டலாச்சாரியா படம் மாதிரி இருக்கே' என்கிறார்கள் பெரியவர்கள். செல்போனில் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரே புதிது.

அடுத்த திருவிழாவில் இந்த மணலில் ஒரு திரை கட்டி 'ஜெகன்மோகினி'யைப் போட்டால் போதும். தாத்தாவும் பேரனும் ஒன்றாகப் பயப்படலாம். கலைஞனுக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறென்ன?