ஏட்டில் எழுதிய உரிமையும் இடையில் நிற்கும் மன்றமும்

"அரசியல் சட்டத்திலேதான் எழுதியாகிவிட்டதே, இன்னும் என்ன வேண்டுமாம் இவர்களுக்கு?" என்று கேட்கும் பெரியவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. எழுதியாகிவிட்டது என்பது உண்மைதான். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரசியல் சட்டத்திலே 14-ஆவது திருத்தம் 1868-இல் சேர்ந்தது. சட்டத்தின் சமமான பாதுகாப்பை எந்த மாநிலமும் எவருக்கும் மறுக்கலாகாது என்று அது கூறிற்று. எழுதி 86 ஆண்டுகள் உருண்டோடிய பிறகு, 1954 மே 17-ஆம் நாள், வெள்ளைக் குழந்தைக்கு ஒரு பள்ளி, கறுப்புக் குழந்தைக்கு வேறொரு பள்ளி என்று அரசே பிரித்துவைப்பது அந்தத் திருத்தத்துக்கு முரண் என்று அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உலகு பாராட்டிற்று. அடுத்த ஆண்டு, எப்போது நிறைவேற்றுவது என்ற கேள்வி வந்தபோதோ, நாள் குறிக்கவில்லை. நிதானமும் விரைவும் கலந்த வழவழப்பானதொரு சொற்றொடரைச் சொல்லிவிட்டுப் பொறுப்பைக் கீழ்மன்றங்களிடம் ஒப்படைத்தது.

விரைவு எப்படி இருந்தது? அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் 1965-ஆம் ஆண்டின் முடிவில்கூட, கறுப்பினக் குழந்தைகளில் நூற்றுக்கு ஒருவர் வீதமேனும் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் அமர்ந்திருக்கவில்லை!

அந்தத் தீர்ப்பைக் காகிதத்திலிருந்து எடுத்து வகுப்பறை வாயில்வரை கொண்டுவந்தவர்கள் யார் என்று தேடிப் படித்தபோது, நாம் அதுவரை பெயர்கூடக் கேட்டிராத ஒரு மன்றம் கண்ணில் பட்டது. அமெரிக்காவில் மாநில நீதிமன்றங்கள் வேறு. கூட்டாட்சி அரசின் நீதிமன்றங்கள் வேறு. கூட்டாட்சி வரிசையில் அடியிலே மாவட்ட மன்றம், உச்சியிலே தலைமை மன்றம், இரண்டுக்கும் இடையே மேல்முறையீட்டு மன்றங்கள். 1891-இல் அமைக்கப்பட்ட இவை இன்று 13. பெரும்பாலானவை பல மாநிலங்களைத் தம் ஆட்சி வட்டத்துள் கொண்டவை. வழக்கமாக மூன்று நீதிபதிகள் அமர்ந்து கேட்பர். அவர்கள் வகுக்கும் விதி அந்த வட்டாரத்தின் மாவட்ட மன்றங்கள் அனைத்தையும் கட்டுப்படுத்தும். ஆண்டுக்கு 40,000 அளவில் வழக்குகள் இங்கே வந்து குவிகின்றன. தலைமை மன்றமோ அண்மை ஆண்டுகளில் முழுமையாகக் கேட்பது 60, 70 வழக்குகளே. ஆகவே மிகப் பலருக்கு இடைமன்றம் சொல்வதே இறுதிச் சொல்.

ஐந்தாம் வட்டார மன்றம் என்பது அன்று அலபாமா, புளோரிடா, ஜார்ஜியா, லூசியானா, மிசிசிப்பி, டெக்சாசு ஆகிய ஆறு மாநிலங்களுக்கு உரியது. 1981-இல்தான் அது இரண்டாகப் பிரிந்தது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட மண் முழுவதும் இதில் அடங்காவிடினும், பெரும்பகுதி அடங்கும். அந்த மன்றத்தில் நால்வர் இருந்தனர்: எல்பர்ட் டட்டில், ஜான் மைனர் விஸ்டம், ஜான் பிரவுன், ரிச்சர்டு ரைவ்ஸ். நால்வரும் வெள்ளையர், தென்னகத்திலே வீடும் உறவும் கொண்டவர்கள். 'அந்த நால்வர்' என்று அவர்களை வசைபாடியவர் அதே மன்றத்தின் இன்னொரு நீதிபதி, மிசிசிப்பியைச் சேர்ந்த பென் கேமரன். வசை பின்னாளில் புகழ்ப்பெயராயிற்று. இடையில் அவர்கள் பட்டது கொஞ்சமன்று. விஸ்டம் வீட்டு முற்றத்தில் நச்சுப் பாம்புகளை எறிந்தார்கள். ரைவ்சின் மகன் உறங்கும் கல்லறையை அசுத்தப்படுத்தினார்கள். செத்தவனையும் விடாத சினம்! (விஸ்டம் என்றால் அறிவு என்று பொருள். பெயருக்கேற்ற மனிதரும் எப்போதாவது வாய்ப்பதுண்டு போலும்.)

ஜேம்ஸ் மெரிடித் வழக்கைப் பாருங்கள். விமானப் படையில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றியவர், கறுப்பினத்தவர். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் சேர 1961 சனவரியில் விண்ணப்பித்தார். பழைய மாணவர் சிலரின் நற்சான்று வேண்டுமாம்! பழைய மாணவர் அனைவரும் வெள்ளையராயிற்றே, அவருக்கு யார் தருவார்? 'கருப்பன் வராதே' என்று எழுதினால்தான் தீண்டாமையா? நற்சான்று, நன்னடத்தை, ஒழுங்கு, மரபு என்று எத்தனை நாகரிகமான பெயர்களில் அது நடமாடுகிறது! இந்த நற்சான்று விதி செல்லாது என்று 1962 சனவரியில் எழுதியவர் விஸ்டம். மாவட்ட நீதிபதியோ, நிறத்தின் பேரில் மறுக்கப்பட்டதாகத் தெரியவில்லை என்று பின்னும் சாதித்தார். 1962 சூன் 25-இல் இடைமன்றம் அதையும் தள்ளி, சேர்த்துக்கொள் என்று கட்டளையிட்டது. உடனே கேமரன் அக்கட்டளையை நிறுத்திவைத்தார். மன்றம் அதை நீக்கிற்று, மறுபடி நிறுத்தினார். இப்படி ஒரு தடவையன்று, நான்கு தடவை! தலைமை மன்ற நீதிபதி ஹியூகோ பிளாக் தலையிட்டு, செப்டம்பரில் அந்த முட்டுக்கட்டையை அகற்றினார். ஆளுநர் ராஸ் பார்னெட் தாமே வழிமறித்து நின்றார். மன்றம் அவரையும் அவமதிப்புக் குற்றவாளி என்று கூறி, பணியாவிடில் நாளுக்கு 10,000 டாலர் தண்டம் என்றது. கலவரத்தில் இருவர் மாண்ட இரவுக்கு மறுநாள், 1962 அக்டோபர் 1-இல், படைகளின் காவலோடு மெரிடித் பதிவு செய்துகொண்டார். 1963 ஆகஸ்டில் பட்டம் பெற்றார்.

ஒரு தனி மனிதனின் ஒரு கல்லூரி இடத்துக்காக இவ்வளவு. நாள் கடத்துவதே உரிமையைக் கொல்லும் வழி என்பதை எதிரி நன்கறிந்திருந்தான். ஆகவேதான் அந்த மன்றம், மேல்முறையீடு முடியும்வரை காத்திராமல் இடைக்காலக் கட்டளை பிறப்பிக்கும் வழக்கத்தைத் துணிந்து கையாண்டது. படிக்கும் வயது வழக்கு முடியும்வரை காத்திருக்குமா?

இதை 1963 மேயில் பர்மிங்காம் நகரில் பார்க்கிறோம். நாயும் நீர்ப்பீரங்கியும் எதிரே நிற்க, பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போனதற்குத் தண்டனையாக, 1,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து விலக்கிற்று கல்வி வாரியம். வருகைப் பதிவேட்டில் ஒரு பெயரின் மேல் கோடு கிழிப்பது எவ்வளவு எளிது என்பதை, ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் அறிவோம். ஓர் அங்குல மை. அந்தக் கோட்டுக்கு அடியில் ஓராண்டுப் படிப்பு கிடக்கும். பெண் குழந்தையாயின் அதோடு படிப்பே முடிந்தும் போகும். மே 22 அன்று மாவட்ட நீதிபதி தலையிட மறுத்தார். அதே மாலை அட்லாண்டாவில் டட்டில் அமர்ந்தார். வழக்கறிஞர் கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி வாதாடினார். பிள்ளைகள் படிப்பை விட்டுவிடாமல் காக்கக் கல்வியாளர் அனைவரும் பாடுபடும் காலத்தில், கல்வி வாரியமே அவர்களை வெளியேற்றுவது அதிர்ச்சி தருகிறது என்று சொல்லி, பிள்ளைகளைத் திரும்பச் சேர்க்க அன்றிரவே கட்டளையிட்டார். காலையில் இழந்த உரிமை இரவில் திரும்பிற்று!

நம் மனத்தை மிகவும் தொட்ட வழக்கு, இவற்றைவிடச் சிறியது. மிசிசிப்பியில் பிலடெல்பியா என்றொரு சிற்றூர். உரிமை இயக்கத் தொண்டர் மூவர் 1964 சூனில் அங்கேதான் கொலையுண்டனர். அந்தக் குருதி காயுமுன், இலையுதிர் காலத்தில், அவ்வூர்க் கறுப்பினப் பள்ளி மாணவர்கள் 'ஒரு மனிதர், ஒரு வாக்கு' என்று பொறித்த சட்டைச் சின்னங்களை அணிந்து வந்தனர். தலைமை ஆசிரியர் தடுத்தார். அகற்ற மறுத்தோரை வீட்டுக்கு அனுப்பினார். வழக்கு இடைமன்றத்துக்கு வந்தது. 1966 சூலை 21-இல் மன்றம் கூறியது: பள்ளி நடவடிக்கைக்கு உண்மையாகவும் பெரிதாகவும் இடையூறு நேர்ந்தாலன்றி, கருத்தை வெளியிடும் உரிமையை ஆசிரியர் பறிக்க இயலாது. அதே நாளில், அதே நீதிபதிகள், அதே மாநிலத்தின் வேறொரு பள்ளியின் சின்ன வழக்கில் பள்ளியின் பக்கம் தீர்ப்பளித்தனர். அங்கே விரும்பாத பிள்ளைகளின் சட்டையில் வலிந்து சின்னம் குத்தினார்கள். பாட நேரத்தில் தாழ்வாரத்தில் கூச்சல். சன்னல் வழியே சின்னங்களை எறிந்தார்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் நீதி தெளிவாகத் தெரிகிறது.

இந்த வழக்கைப் பற்றி நம் ஆசிரியர் அறையில் பேசியபோது, மூத்தவர் ஒருவர், "இப்படியெல்லாம் விட்டால் ஒழுங்கு என்னாவது?" என்றார். நல்ல மனிதர், பிள்ளைகளுக்காகச் சொந்தப் பணத்தைச் செலவிடுபவர். "ஐயா, எந்த வகுப்பு கலைந்தது, எந்தப் பாடம் நின்றது என்று கேட்கத்தானே நீதிபதி சொல்லுகிறார்?" என்றோம். அவர் ஒப்பவில்லை. ஆயினும் கேள்வி இருக்கிறது: ஒழுங்கு கெட்டதா, நம் அதிகாரத்துக்கு மனம் நொந்ததா? இரண்டும் ஒன்றல்லவே.

இடைமன்றம் வகுத்த அந்த அளவுகோலை, 1969-இல் தலைமை மன்றமே எடுத்துக்கொண்டது. அயோவா மாநிலத்தில், வியட்நாம் போரைக் குறித்துக் கறுப்புப் பட்டை அணிந்த மாணவர்களின் வழக்கு அது. அதே வழக்கு முன்னர் எட்டாம் வட்டார மன்றத்துக்குப் போனபோது, நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்ததால் பள்ளியே வென்றிருந்தது. ஒரே அரசியல் சட்டம்; ஐந்தாம் வட்டாரத்தில் உரிமை உண்டு, எட்டாம் வட்டாரத்தில் இல்லை! மிசிசிப்பியின் ஏழைக் கறுப்புப் பிள்ளைகள் பெற்ற நீதி, மூன்றாண்டு கழித்து நாடு முழுமைக்கும் ஆயிற்று. 1966 திசம்பரில், பள்ளிகளைப் பிரித்த மாநிலமே அவற்றை இணைக்கவும் கடமைப்பட்டது என்று விஸ்டம் எழுதியதும் அவ்வாறே; 1968-இல் தலைமை மன்றம் அந்தக் கருத்தை ஏற்றது.

எனினும், நீதிமன்றத்தைக் கோயிலாக்கி நீதிபதியைச் சாமியாக்க நாம் வரவில்லை. குடியரசுத் தலைவர் பெயர் குறிக்கிறார், மேலவை இசைகிறது, வாழ்நாள் முழுதும் அமர்கிறார்கள். வாக்குக்கு அஞ்சாத அந்த இருக்கை டட்டிலுக்குத் துணிவைத் தந்தது; கேமரனுக்கும் அதே இருக்கைதான் முட்டுக்கட்டை போட இடந்தந்தது. ஆள் மாறினால் மன்றமும் மாறும்.

லூசியானா மாநிலம் 2024-இல் ஒரு சட்டம் இயற்றிற்று: பொதுப் பள்ளிகளின் ஒவ்வொரு வகுப்பறையிலும் விவிலியத்தின் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிட வேண்டும். இத்தகைய கென்டக்கி மாநிலச் சட்டமொன்றைத் தலைமை மன்றம் 1980-லேயே செல்லாதென்று தள்ளியிருந்தது. 2025 சூனில் ஐந்தாம் வட்டாரத்தின் மூன்று நீதிபதிகள், லூசியானாச் சட்டம் அரசியல் சட்டத்துக்கு முரண் என்றனர். அதே ஆண்டு அக்டோபரில், மன்றத்தின் நீதிபதிகள் அனைவரும் கூடி வழக்கைப் புதிதாகக் கேட்பதென்று முடிவாயிற்று. மூவர் தீர்ப்பு நீக்கப்பட்டது. மன்றம் கூடும் நியூ ஆர்லியன்சுக் கட்டடம் 1994 முதல் விஸ்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தம் பிள்ளைகளுக்காக வழக்குத் தொடுத்த பெற்றோரிலே யூதர் உண்டு, மதமற்றோர் உண்டு, கிறித்தவ மத குருவும் உண்டு.