முடிசூட்டு விருந்தும் மீந்த ரொட்டியும்

2023 மே மாதம் நான் இங்கிலாந்தில் ரெடிங் நகரத்தில், மகள் வீட்டில் இருந்தேன். மனைவி காலமான பிறகு, "தனியா இருக்க வேண்டாம்பா" என்று மகள் வற்புறுத்தி மூன்று மாதத்துக்கு அழைத்துப் போயிருந்தாள்.

மே 6, சனிக்கிழமை, மூன்றாம் சார்ல்ஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் தெருக்களில் கூட்டு விருந்து. மகள் வசிக்கும் தெருவிலும் நகர மன்றத்தில் மனு கொடுத்து, அன்று வண்டி வராதபடி தெருவை மூட அனுமதி வாங்கியிருந்தார்கள். வீட்டுக்கு ஒரு பண்டம் செய்து கொண்டுவர வேண்டும். வீடு வீடாகச் சுற்றி வந்த தாளில், "பாரம்பரிய பிரிட்டிஷ் உணவாக இருந்தால் நல்லது" என்று ஒரு வரி.

மகளும் மாப்பிள்ளையும் வேலைக்குப் போகிறவர்கள். பதினொரு வயதுப் பேத்தி, "தாத்தா, நீங்கதானே வீட்ல சும்மா இருக்கீங்க" என்று தாளை என் கையில் கொடுத்துவிட்டாள்.

இதில் உள்ள வேடிக்கை புதுவை நண்பர்களுக்குப் புரியும். 1761ல் நம் ஊரைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கியவர்கள் பிரிட்டிஷார். அவர்கள் மன்னரின் விருந்துக்கு, ஆறு வயதில் பிரெஞ்சுப் பள்ளியில் பிரெஞ்சு தேசிய கீதம் பாடிய நான் பலகாரம் செய்ய வேண்டும்!

வேடிக்கை ஒரு பக்கம். எனக்கு உள்ளூர ஒரு பயமும் இருந்தது. இதுவரை யாரிடமும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

1969ல் எழுத்தராக வேலையில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கொஞ்சம்தான். கோப்பெல்லாம் ஆங்கிலத்தில். சேர்ந்த சில மாதத்தில் மூன்று நாள் விடுப்புக் கேட்டு விண்ணப்பம் எழுதினேன். பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் கேட்பது. அதையே ஆங்கிலம் என்று நம்பி, "ஐ டிமாண்ட் த்ரீ டேஸ் லீவ்" என்று எழுதிவிட்டேன். மேலதிகாரி அதைப் பிரிவு முழுவதும் கேட்கும்படி உரக்கப் படித்தார். "தொரை டிமாண்ட் பண்றாரு, கொடுத்துடுங்கப்பா" என்றார். ஒரு வருடத்துக்கு மேல் என் பெயரே 'டிமாண்ட்' என்று ஆகிவிட்டது. பிறகு ஆங்கிலம் நன்றாகவே கற்றேன், பதவி உயர்வும் வந்தது. ஆனாலும் ஆங்கிலத்தில் வாய் திறக்க வேண்டிய இடம் என்றால் ஒதுங்கிவிடுவேன். மகள் வீட்டிலும் அப்படித்தான். தெருவில் யாராவது "ஹலோ" என்றால் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடப்பேன்.

சரி, என்ன செய்வது? ஒரு தாளில் பட்டியல் போட்டேன்.

முதலில் தோன்றியது முல்லிகடாணி சூப். நம் மிளகுத்தண்ணிதான் பேர் மாறி அங்கே போயிருக்கிறது. ஆனால் கறிச்சாறு, கறிப்பொடி, சில வீடுகளில் ஆப்பிள் என்று அது வேறு பண்டமாகிவிட்டது. அதைச் செய்தால் நம் வீட்டுக்கும் சொந்தமில்லை, அவர்கள் வீட்டுக்கும் சொந்தமில்லை என்று பட்டது. யார்க்‌ஷயர் புட்டிங் அடுப்பிலிருந்து எடுத்த சிறிது நேரத்தில் அமுங்கிவிடும், தெருவுக்குக் கொண்டுபோக முடியாது. காட்டேஜ் பை மாட்டிறைச்சி, மகள் வீட்டில் வாங்குவதில்லை. பழைய முறை ஆவிப் புட்டிங்குகளில் மாட்டுக் கொழுப்பு சேரும். ஜெல்லி போட்ட டிரைஃபிளில் ஜெலட்டின் இருக்கும். சைவக்காரர்களும் வருகிற விருந்து, அதனால் இதெல்லாம் கவனிக்க வேண்டியிருந்தது.

மன்னர் விழாவுக்கென்றே அரண்மனை ஒரு பண்டத்தை அறிவித்திருந்தது. பசலைக்கீரையும் அவரையினக் கொட்டையும் போட்ட கிஷ். கிஷ் என்பது பிரெஞ்சுக்காரர்களுடையது! இவருடைய தாயார் இரண்டாம் எலிசபெத் 1953ல் முடிசூடியபோது விருந்தில் வைத்த, கறிப்பொடி கலந்த கோழிக்கும் 'பூலே ரேன் எலிசபெத்' என்று பிரெஞ்சுப் பெயர்தான். அதை உருவாக்கியது லண்டனில் இருந்த கொர்தோன் ப்ளூ சமையல் பள்ளி. இதைப் படித்ததும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் தாளைப் பார்த்தால் ஏற்கெனவே நான்கு வீட்டுக்காரர்கள் கிஷ் என்று எழுதியிருந்தார்கள்.

கடைசியில் 'பிரெட் அண்ட் பட்டர் புட்டிங்' என்ற பெயரில் கண் நின்றது. மீந்த ரொட்டியில் வெண்ணெய் தடவி, உலர்ந்த திராட்சை தூவி, பாலும் முட்டையும் ஊற்றிச் சுடுவது. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் ஏறிவிட்ட பண்டம். படித்தவுடன் அம்மா நினைவு வந்தது. அப்பா சைகோனில் இருந்து வந்தவர், காலையில் ரொட்டியும் காப்பியும் இல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. மீந்த ரொட்டியை அம்மா எறிய மாட்டார். மறுநாள் பால், முட்டை, சர்க்கரையில் நனைத்து நெய்யில் வாட்டித் தருவார். அதற்குப் பெயர் 'பெங் பெர்துய்', தொலைந்துபோன ரொட்டி. முறை வேறுதான், ஆனால் சாமான் அதே சாமான். என் கைக்குத் தெரிந்தது இது ஒன்றுதான் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை ஒத்திகை பார்த்தேன். ஊறவிடாமல் சூடான அவனில் வைத்துவிட்டேன். முட்டை திரிந்து தண்ணீர் தனியாக நின்றது. புத்தகத்தைத் திரும்பப் பார்த்தால், 'பெங் மரி'யில் வைக்கச் சொல்கிறது. இதுவும் பிரெஞ்சுதான், வெந்நீர்த் தட்டுக்குள் பாத்திரத்தை வைத்துச் சுடுவது. ரொட்டியும் 'பெங்', குளியலும் 'பெங்', தமிழில் எழுதினால் வித்தியாசமே தெரியாது! ஞாயிற்றுக்கிழமை காலை அரைமணி ஊறவிட்டு, வெந்நீரில் வைத்துச் சுட்டேன். மேலே பொன்னிறமாக வந்தது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்காக, என்னென்ன சேர்த்தோம் என்று ஒரு அட்டையில் எழுதிப் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். பிரிண்டரில் மை இல்லை. நானே பேனாவில் எழுதினேன்: பால், முட்டை, கோதுமை, வெண்ணெய், உலர்திராட்சை, ஜாதிக்காய். எழுத்தர் புத்தி போகுமா? கீழே 7.5.2023 என்று தேதியும் போட்டு, சிறு கையொப்பமும் இட்டேன். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

சனிக்கிழமை பெய்த மழை விட்டு ஞாயிறு நல்ல வெயில். தெரு நடுவில் நீள மேசைகள். தட்டை வைத்துவிட்டு ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன். எண்பது வயது இருக்கும், நாலு வீடு தள்ளி இருக்கும் ஒரு அம்மாள், புட்டிங்கை எடுக்காமல் அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். பேத்தி என்னைக் காட்டினாள். மேலதிகாரி கூப்பிட்டதுபோல எழுந்து நின்றேன், நெஞ்சு படபடத்தது.

அவர் அட்டையில் இருந்த ஏழைக் காட்டினார். நான் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு போடுவேன், பள்ளியில் பழகியது. அவருக்குச் சிறுவயதில் பிரான்சில் ஒரு பேனா நண்பி இருந்தாளாம். பல வருடம் கடிதம் வந்ததாம், எழுத்து இப்படியேதான் இருக்குமாம். சொல்லிவிட்டு பிரெஞ்சில் ஒரு வாக்கியம் தொடங்கினார், பாதியில் தட்டுப்பட்டு நின்றார். முகம் சிவந்துவிட்டது. "என் உச்சரிப்பைக் கேட்டு ஆசிரியை வகுப்பில் சிரிப்பார். அதோடு பேசுவதை விட்டுவிட்டேன்" என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ, அந்த 'டிமாண்ட்' கதையை முழுவதும் அவரிடம் சொன்னேன். ஆங்கிலத்தில்தான். பிழை இருந்திருக்கும், நான் எண்ணிப் பார்க்கவில்லை. அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். 54 வருடத்தில் அந்தச் சம்பவத்துக்கு நான் சிரித்தது அன்றுதான்.

பிறகு ரொட்டியைப் பற்றிப் பேசினோம். போர் முடிந்த பிறகும் அங்கே உணவுப் பங்கீடு நீடித்தது, ரொட்டிக்கே 1946 முதல் 1948 வரை பங்கீடு. அவருடைய அம்மாவும் ஒரு துண்டை எறிய விடமாட்டாராம். பங்கீடு முழுவதும் ஒழிந்தது 1954 ஜூலையில். அதே வருடம் நவம்பர் 1ஆம் தேதிதான் நம் ஊர் இந்தியாவின் கைக்கு வந்தது என்று சொன்னேன். புட்டிங்கைச் சாப்பிட்டுவிட்டு, "என் அம்மா ஜாதிக்காய் இன்னும் கொஞ்சம் போடுவார்" என்றார். நியாயமான குறைதான்.

ஊர் திரும்பும் வரை மாலை நடையில் அவரைப் பார்த்தால் நின்று பேசுவேன். பேத்திக்கு ஒரே ஆச்சரியம்.

செய்து பார்க்க விரும்புவோருக்கு அளவு இதோ. ஆறு பேருக்கு: ரொட்டித் துண்டு 8, வெண்ணெய் 50 கிராம், உலர்திராட்சை 50 கிராம், பால் 400 மில்லி, முட்டை 3, சர்க்கரை 50 கிராம், ஜாதிக்காய்ப் பொடி ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகம். அரைமணி ஊறவிட்டு, வெந்நீர்த் தட்டில் வைத்து, 180 டிகிரியில் 40 நிமிடம். அவன் இல்லாதவர்கள் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கலாம், மேலே சிவக்காது, அவ்வளவுதான். பல் இல்லாத நம் வயதுக்காரர்களும் தாராளமாகச் சாப்பிடலாம்.