உரக்கடைக் காலண்டர்

"கடைசியா எப்பம்மா தலைக்கு ஊத்துன?"

மகப்பேறு மருத்துவம் பார்க்க வந்த நாளிலிருந்து தினமும் நான் கேட்கும் கேள்வி. 20 வயதுப் பெண் பட்டென்று தேதி சொல்வாள். 45 வயதுக்காரி விட்டத்தைப் பார்ப்பாள். "தேர் நோம்பிக்கு முன்னாடிங்க... இல்லீங்க, அதுக்கப்புறமும் ஒருக்கா பட்டுச்சு." அந்தத் தடுமாற்றமே எனக்குப் பாதி விடை.

சினைமுட்டை வெளிவராத மாதங்கள் இந்த வயதில் கூடிக்கொண்டே போகும். முட்டை வராவிட்டால் புரோஜெஸ்ட்ரான் சுரக்காது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் கருப்பையின் உள்சவ்வை வளர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அது தாங்காமல் உதிரும். இரண்டு மாதம் எட்டிப் பார்க்காதது மூன்றாம் மாதம் கொட்டித் தீர்ப்பது இதனால்தான். ஆனால் வருகிறவர்கள் "தேங்குன கெட்ட ரத்தம், போனா நல்லதுதானுங்களே" என்பார்கள். போவது நல்ல ரத்தம்தான் என்று நம்பவைப்பதற்குள் அடுத்த நோயாளி கதவைத் தட்டிவிடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் 44 வயதுப் பெண் ஒருவர் வந்தார். மூன்று மாதமாக வரவில்லை. "நிக்கிற வயசுதாம்மா" என்று சத்து மாத்திரை எழுதி அனுப்பினேன். ஆறு வாரம் கழித்துத் திரும்பி வந்தார். வயிற்றில் கை வைத்ததுமே எனக்கு வியர்த்துவிட்டது. ஐந்தாம் மாதம். மூத்த மகளுக்கு அப்போதுதான் வளைகாப்பு முடிந்திருந்தது. 12 மாதம் தொடர்ந்து வராமலிருந்தால்தான் நின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். பாடத்தில் படித்தது எனக்கு அன்றுதான் உறைத்தது. இப்போதெல்லாம் நாள் தள்ளி வருகிறவர் பேரன் எடுத்தவரானாலும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனைதான். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இதற்கு நேரெதிரான அவசரமும் உண்டு. "தொந்தரவே வேண்டாம், கர்ப்பப்பைய எடுத்துருங்க." பக்கத்து வீட்டுக்காரி எடுத்திருப்பாள். ஸ்கேனில் சின்ன நார்க்கட்டி தெரிந்தாலே போதும், வீட்டில் எல்லோரும் முடிவெடுத்துவிடுவார்கள். மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் அந்தக் கட்டி தானே சுருங்கும். அதுவரை உதிரப்போக்கைக் குறைக்க மாத்திரை இருக்கிறது, காப்பர்-டி போலக் கருப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் ஒன்று இருக்கிறது. உள்சவ்வைக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதித்துப் புற்று இல்லை என்று தெரிந்துகொள்ளாமல் நான் எதுவும் சொல்வதில்லை. கத்தி கடைசியில்தான்.

அதற்கெல்லாம் முன்னால் எனக்குக் கணக்கு வேண்டும். பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே வட்டம் போட்டு வைக்கச் சொல்வேன். போன வாரம் ஒரு பெண் உரக்கடைக் காலண்டரைச் சுருட்டி எடுத்து வந்தார்.

"சாமி படம் போட்டதுல தீட்டுக் கணக்கு எழுத மனசு வரலீங்க."

எண்ணிப் பார்த்தேன். 22 நாள், 37 நாள், 19 நாள், பிறகு 58. சித்திரையில் மட்டும் ஒரு தேதியைச் சுற்றி மூன்று வட்டம்.

"இதென்னம்மா?"

"அன்னிக்கு மூணு சேலை மாத்துனேனுங்க. கொழுந்தனார் மக கல்யாணம். பந்தியில நின்னுட்டிருந்தேன்."

கீழிமையை இழுத்துப் பார்த்தேன். வெள்ளைத்தாள் மாதிரி இருந்தது. ஸ்கேன் சீட்டை ஒதுக்கிவிட்டு, முதலில் ஹீமோகுளோபினுக்கு எழுதினேன்.