தள்ளாட்டத்தின் பெயர்

நடக்கக் கற்றது நம்மில் எவருக்கும் நினைவில் இருப்பதில்லை. நமக்காக அதை நினைவில் வைத்திருப்பது சிறுமூளை. மூளையின் பருமனில் அது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கே. எனினும் மூளை நரம்பணுக்களில் பாதிக்கும் மேற்பட்டவை அங்கேதான் உள்ளன. அது தேயத் தொடங்கினால் முதலில் குலைவது வலிமை அன்று, ஒத்திசைவு. நீட்டிய கை செம்பைத் தாண்டிப் போகும், நாக்குழறும், கால்கள் அகன்று விழும். மதுவும் சிறுமூளையையே தாக்குகிறது என்பதால் குடித்தவர் நடையும் இப்படியே இருக்கும்.

இந்த ஒற்றுமைக்கு விலை கொடுத்தவர் எங்கள் தந்தையார். மதுவைத் தொட்டறியாத அவரைத் தீர்த்தமலையில் சிலர் குடிகாரர் என்றனர். பேருந்தில் ஏற்ற மறுத்த நடத்துநரும் உண்டு. அவர் மறுத்துப் பேசியதில்லை. பேசினால் குழறும் நாவே எதிர்சாட்சியாகிவிடும். அவர் மறைந்து பல ஆண்டுகள் சென்றபின், அண்ணன் தங்கையரான எங்கள் இருவருக்கும் மிதமான சிறுமூளைத் தேய்வு என்று மருத்துவர் சொன்னபோதுதான் அவருடைய தள்ளாட்டத்துக்குப் பெயர் கிடைத்தது: ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்ஸியா, முதல் வகை.

இதற்குரிய மரபணுவை 1993-இல் ஹூதா ஸோக்பியும் ஹாரி ஓரும் கண்டறிந்தனர். அதில் மூன்றெழுத்துத் தொடரொன்று அளவுமீறித் திரும்பத் திரும்ப வருவதே கோளாறு. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. தமிழ்ச் சமூகம் ஒன்றில் இவ்வகை மிகுந்திருப்பதை 2005-இல் ‘நியூராலஜி இந்தியா’ இதழில் வெளியான ஆய்வு பதிவுசெய்தது.

நோயைத் தீர்க்கும் மருந்து இல்லை, பயிற்சி உண்டு. நான்கு வாரத் தீவிர ஒத்திசைவுப் பயிற்சியால் நடையும் சமநிலையும் மேம்படுவதை 2009-இல் ஜெர்மனியில் வின்ஃப்ரீட் இல்க் குழுவினர் காட்டினர். நாள்தோறும் சுவரோரமாக அடிமேல் அடிவைத்து நடந்து பழகுகிறோம். செம்பில் பாதியளவே நீர் மொள்கிறோம். உண்ணும்போது பேசுவதில்லை. மலைக்கோயில் படிகளில் ஏறுவதினும் இறங்குவதே கடினம். ஒருவர் அசையாது நிற்க, மற்றவர் அவர் தோளைப் பற்றி ஒரு படி இறங்குவார். பிறகு முறை மாறும்.

நோய் மிதமாக இருப்பதால் ஊர்க்கண்ணுக்கு அது நோயாகத் தெரிவதில்லை. எனவே அதன் பெயரைத் தமிழில் எழுதி, மருத்துவரின் கையொப்பத்துடன் பையில் வைத்திருக்கிறோம். பேருந்தில் அதைக் காட்டியதும் சிலர் எழுந்து இடம் தருகின்றனர்.

எங்களில் மூத்தவரின் மகனுக்குப் பதினெட்டு வயதாகிறது. மரபணுச் சோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பதை அவனே முடிவு செய்யட்டும் என்று விட்டிருக்கிறோம். தாத்தா குடித்ததில்லை என்பதை மட்டும் அவனிடம் சொல்லிவிட்டோம்.