நால்வர் சுமந்த படுக்கை

2017 நவம்பர் 30, வியாழக்கிழமை. கத்தோலிக்க நாட்காட்டியில் அன்று புனித அந்திரேயா திருநாள். கலிலேயக் கடலில் வலை வீசிக்கொண்டிருந்த அண்ணன் தம்பிகளை இயேசு கூப்பிடுகிற பகுதிதான் அன்றைய நற்செய்தி வாசகம். மீனவரான அந்தத் திருத்தூதரின் நாளில்தான் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் எழுந்தது. முந்தின இரவே காற்று ஊளையிடத் தொடங்கிவிட்டது. விடிந்து பார்த்தால் தென்னைகளும் மின்கம்பங்களும் வழியெங்கும் குறுக்கே கிடந்தன. கரண்டு இல்லை, போனில் டவர் இல்லை. வீட்டுக்கூரை போனதைப் பற்றி எங்கள் ஊரில் யாரும் பேசவில்லை. எந்தப் படகு எங்கே நிற்கிறது என்ற ஒரே கேள்விதான் வாசலுக்கு வாசல் போய்க்கொண்டிருந்தது.

நீரோடி தொடங்கி இரயுமன்துறை வரைக்கும் அடுத்தடுத்து எட்டு ஊர்கள். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை எல்லாம் அதில் அடக்கம். ஆழ்கடல் தொழிலில் பேர் எடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். சுறாவையும் சூரையையும் தேடி வாரக்கணக்கில் கடலில் தங்குவார்கள். கொச்சியிலிருந்து போவார்கள், கர்நாடகம், மகாராஷ்டிரம், குஜராத் கரைகளுக்கு வெளியே போவார்கள். அவ்வளவு தூரம் போன படகை கரையிலிருந்து கூப்பிடும் வயர்லெஸ் எட்டாது. புயல் வருகிறது என்று கரையில் அறிவித்த நேரத்தில் அவர்கள் புயலுக்குள்ளேயே இருந்தார்கள்.

என் அண்ணனும் அவர் மகனும் ஒரே படகில் போயிருந்தார்கள். ஒரே வீட்டு ஆண்கள் ஒரே படகில் போகக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. ஆனால் மகனுக்குத் தொழில் பழக்க அப்பனைவிட நல்ல ஆள் யார்?

அண்ணன் மனைவியை, என் மயினியை, நான் தேடிப் போனபோது வீட்டில் இல்லை. கோயிலில் இருந்தார். அவர் மட்டுமல்ல, ஊரில் பாதிப் பெண்கள் அங்கேதான். ஜெனரேட்டர் ஒன்று முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிளக் பாயிண்டில் போன்கள் கொத்தாகத் தொங்கின. ஒரு போன் அடித்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். பீடத்தில் நற்கருணை வைத்து இடைவிடாத ஆராதனை. ஜெபமாலை ஒரு மூலையில் முடிந்தால் இன்னொரு மூலையில் தொடங்கும். பிள்ளைகள் தாய்மாரின் மடியில் தூங்கி எழுந்து, அழுது, மறுபடி தூங்கின.

அந்த ஆண்டு டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமை. சவேரியார் திருநாளும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறும் ஒன்றாக வந்தன. 1544இல் எங்கள் முக்குவ முன்னோருக்கு இந்தக் கரையோரமாக ஊர் ஊராக நடந்து ஞானஸ்நானம் கொடுத்தவர் சவேரியார். வேறு ஆண்டென்றால் கோட்டாற்றுத் திருவிழாவுக்கு ஊரே கிளம்பியிருக்கும். அந்த ஞாயிற்றின் வாசகம் மாற்கு நற்செய்தியில் இயேசு விழித்திருக்கச் சொல்லும் பகுதி. வீட்டுக்கு உரியவர் எந்த ஜாமத்தில் திரும்புவார் என்று தெரியாது, ஆகவே உறங்காமல் இருங்கள் என்பது அதன் பொருள். ஆண்டுதோறும் மறைக்கல்வி வகுப்பில் நான் பிள்ளைகளுக்கு விளக்கும் பகுதிதான். அன்று அதைக் கேட்ட பெண்கள் ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. வாசித்துக்கொண்டிருந்த பங்குத்தந்தை பாதியில் நிறுத்தினார். தொண்டையைச் சரிசெய்துகொண்டு மறுபடி தொடங்கினார்.

அன்றைக்குத்தான் நான் ஒன்றைக் கவனித்தேன். பரலோக மந்திரம் சொல்லும்போது, கடவுளின் சித்தம் நடக்கட்டும் என்று கேட்கிற இடத்தில் மயினியின் உதடு நின்றுவிட்டது. அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொண்டார். ஜெபமாலையில் ஒவ்வொரு பத்துக்கு முன்னாலும் அந்த மந்திரம் வருமே, ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். நான் பார்ப்பது தெரிந்து மெல்லச் சொன்னார்: “எனக்கு அது வாயில வரல மக்ளே. நீங்க எல்லாரும் சொல்லுங்க. நான் கேட்டுட்டு இருக்கேன்.”

பக்கத்து வீட்டு அக்காள் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வரி வந்தபோது மயினியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அவருடைய கணவரும் கடலில்தான் இருந்தார்.

நாள்கள் போகப் போகச் சில படகுகளைப் பற்றித் தகவல் வந்தது. லட்சத்தீவில் கரையேறியவர்கள், மகாராஷ்டிரத்தில் தேவ்கட் பக்கம் ஒதுங்கியவர்கள். ஒருநாள் கொச்சியிலிருந்து ஒரு போன். அண்ணன் மகன் உயிரோடு இருக்கிறான், சரக்குக் கப்பல் ஒன்று தூக்கிக்கொண்டு வந்தது என்றார்கள். அவனுடைய அப்பாவைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அவன் வீட்டுக்கு வந்தபோது உள்ளங்கைத் தோல் உரிந்து, உப்பும் வெயிலும் முகத்தைப் பொசுக்கியிருந்தன. கொஞ்ச நாள் பேசவே இல்லை. பிறகு என்னிடம் சொன்னான். படகு கவிழ்ந்ததும் மிதந்த டீசல் கேன்களைக் கயிற்றால் பிணைத்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். கழுத்து ஜெபமாலைகள் அறுந்துபோயிருந்தன. விரலை மடக்கி எண்ணிச் சொன்னார்கள். அலை வாயை அடைக்கும்போது ஒருவர் விட்ட இடத்தை அடுத்தவர் எடுப்பார். இரவு முழுக்க அப்படி. விடிந்தபின் என் அண்ணன், தூரத்தில் கை நீட்டி, தேங்காய்ப்பட்டணம் லைட் தெரியுது பாரு என்றார். சுற்றிலும் தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. “நான் போய் ஒரு சாயா குடிச்சிட்டு வாறேன், நீங்க இரிங்க” என்று சொல்லிக் கயிற்றை விட்டுவிட்டார். “பிடிச்சேன் மாமி, சட்டை கிழிஞ்சு கையில வந்துட்டு” என்றான். தப்பி வந்த மற்றவர்களும் இதைப் போலவே சொன்னார்கள். தாகமும் உறக்கமின்மையும் கடலில் கரையைக் காட்டும் போலிருக்கிறது.

அண்ணன் கடைசியாகக் கண்டது வீட்டை. பயத்தையல்ல. அதை நினைத்துத்தான் நான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன். இது சிறிய நன்றி என்று யாருக்காவது தோன்றலாம். எனக்கு இது போதுமான அளவு பெரியது.

ஆனால் கேள்வி அங்கேதான் தொடங்குகிறது. மகன் வந்தான், ஆகவே ஜெபம் கேட்கப்பட்டது என்று சொல்லலாமா? அப்படியானால் பக்கத்து வீட்டு அக்காளின் ஜெபம்? அவர் கணவர் திரும்பவே இல்லை. அவரும் அதே தரையில் முழங்காலிட்டவர், மயினிக்காக அந்த வரியைச் சத்தமாகச் சொன்னவர். எங்கள் ஊரில் பிழைத்து வந்தவர்களின் வீட்டார் யாரும் நன்றிப் பூசைக்கு மணியடிக்கச் சொல்லவில்லை. வெடி போடவில்லை, சாப்பாடு கொடுக்கவில்லை. நேர்ச்சைக் காசை உண்டியலில் போட்டுவிட்டு, திரும்பாதவர்களின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் ஊரே இதைச் செய்தது. நான் படித்த எந்த மறையுரையைவிடவும் இது ஆழமானது என்று நினைக்கிறேன்.

வெளியூரிலிருந்து வந்த ஒரு போதகர், கடற்கரையின் பாவத்துக்கு இது தண்டனை என்று பேசிவிட்டுப் போனார். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு பகல் ஏழு இரவு ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். அதுவரைக்கும் அவர்கள் நல்ல நண்பர்கள். வாய் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டது. கடைசியில் கடவுள் அவர்கள்மேல்தான் சினம் கொள்கிறார், புலம்பிய யோபுமேல் அல்ல.

மயினியைத் தேற்றலாம் என்று நான் திருத்தூதர் பணி 27ஆம் அதிகாரத்தை வாசித்துக் காட்டினேன். பவுல் போன கப்பல் புயலில் உடைந்ததைப் பற்றியது. பல நாள் சூரியனும் இல்லை, விண்மீனும் இல்லை. கயிறு விட்டு ஆழம் பார்க்கிறார்கள், நங்கூரம் போடுகிறார்கள். எங்கள் ஆட்களுக்கு வரிக்கு வரி புரிகிற அதிகாரம். கேட்டு முடித்ததும் மயினி கேட்டார்: “அதுல எத்தன பேரு?” இருநூற்று எழுபத்தாறு என்றேன். “எல்லாரும் கரையேறினாங்களா?” ஆமாம், சிலர் நீந்தியும் மற்றவர்கள் பலகையையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டும், எல்லாரும். மயினி தலையாட்டினார். “நல்லது. அவங்க வீட்டுப் பொம்பளைங்க பாக்கியசாலி” என்றார். அதற்கு மேல் நானும் பேசவில்லை.

டிசம்பர் 7ஆம் தேதி எங்கள் ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் குழித்துறை ரயில் நிலையத்துக்குப் போய்த் தண்டவாளத்தில் உட்கார்ந்தோம். குருக்களும் கன்னியரும் கூட வந்தார்கள். நாகர்கோவில், திருவனந்தபுரம் ரயில்கள் நின்றன. இரவாகியும் யாரும் எழவில்லை. தேடுங்கள், இன்னும் ஆழத்தில் தேடுங்கள், எங்கள் ஆட்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு போங்கள், எங்கே மிதப்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் கோரிக்கை. அதற்கு முன்பே எங்கள் மீனவர்கள் சொந்தப் படகுகளில் டீசல் போட்டுக்கொண்டு தேடப் போயிருந்தார்கள்.

கடவுளை நம்புகிறவர்கள் தண்டவாளத்தில் உட்காரலாமா என்று சிலர் கேட்டார்கள். மனம் தளராமல் ஜெபிக்க வேண்டும் என்பதற்கு இயேசு சொன்ன உவமையே, நீதி கேட்டு நடுவரை விடாமல் நச்சரித்த கைம்பெண்ணைப் பற்றியதுதான். மயினி அன்று முழுவதும் அண்ணன் படத்தை மடியில் வைத்துக்கொண்டு ஜல்லியில் உட்கார்ந்திருந்தார். ஜெபமாலை கையில் இருந்தது. கோஷம் போடும்போது போட்டார், மாலை சொல்லும்போது சொன்னார். இரண்டும் அவருக்கு வேறு வேறாக இல்லை.

பிறகு உடல்கள் கிடைக்கத் தொடங்கின. கேரளக் கரையில், இன்னும் வடக்கே. முகம் பார்த்து அடையாளம் சொல்லும் நிலையில் எதுவும் இல்லை. அண்ணன் மகன் திருவனந்தபுரத்துக்குப் போய் டிஎன்ஏ சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு வந்தான். எதனோடும் பொருந்தவில்லை. காணாமல் போனவர் இறந்தவராகக் கருதப்பட ஏழு ஆண்டு காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான சட்டம். அதைத் தளர்த்தி, திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கும் இருபது லட்சம் ரூபாய் நிவாரணம் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதற்கு மனைவி கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் அவர் இல்லை என்று தன் கையாலேயே எழுதிக்கொடுப்பது போல. மேசைமேல் அந்தப் படிவம் வெகுநாள் கிடந்தது. ஒரு நாள் காலைப் பூசை முடிந்து வந்து, தலையில் போட்ட முக்காட்டை எடுக்காமலே கையெழுத்திட்டார்.

கல்லறை இல்லாத சாவுக்கு என்ன செய்வது? நவம்பர் 2ஆம் தேதி எங்கள் கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுதிரியும் பூவுமாக இருக்கும். உடல் கிடைக்காத வீட்டார் எங்கே ஏற்றுவார்கள்? அடுத்த ஆண்டு அந்தப் பெண்கள் தோட்டத்தின் நடுவில் இருக்கிற பெரிய சிலுவையின் அடியில் திரி ஏற்றினார்கள். இறங்கி வா பார்ப்போம் என்று கீழே நின்றவர்கள் கேலி செய்தபோதும் இறங்கி வராதவரின் சிலுவை. கடவுளின் வல்லமையைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு நான் அதைத்தான் காட்டுவேன். கடலை அதட்டி அடக்கிய இயேசுவை நான் விசுவசிக்கிறேன். ஆனால் எங்களுக்கு அந்த டிசம்பரில் கிடைத்தவர் அந்த இயேசு அல்லர். ஆணியில் தொங்கிக்கொண்டு, ஏன் கைவிட்டீர் என்று கேட்டவர்தான் எங்களோடு கோயில் தரையில் இருந்தார். அப்படிக் கேட்டவரைக் கடவுள் மூன்றாம் நாள் எழுப்பினார் என்பதால்தான், நாங்கள் கேட்டதும் வீண்போகாது என்று இன்னும் நம்புகிறேன்.

மாற்கு நற்செய்தியிலேயே, முடக்குவாதக்காரர் ஒருவரை நால்வர் சுமந்து வந்து கூரையைப் பிரித்து இறக்குகிற நிகழ்ச்சி உண்டு. இயேசு அவர்களுடைய நம்பிக்கையைக் கண்டார் என்றுதான் அங்கே எழுதியிருக்கிறது. படுக்கையில் கிடந்தவருக்கு நம்பிக்கை இருந்ததா என்று யாரும் விசாரிக்கவில்லை. மறைக்கல்வி வகுப்பில் கூரையைப் பற்றியே பேசிவிட்டு இதைத் தாண்டிப் போயிருக்கிறோம். மயினியால் சொல்ல முடியாத வரியை ஊர் சொன்னது. ஊருக்கு முடியாதபோது, தண்ணீரில் கிடந்தவர்கள் விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

2018 ஆகஸ்ட் 7ஆம் தேதி அதிகாலை, கேரளத்தில் முனம்பத்திலிருந்து போன மீன்பிடிப் படகு ஒன்று கப்பல் மோதி உடைந்தது. அதில் இருந்தவர்களில் பலர் எங்கள் மாவட்டத்து இராமன்துறைக்காரர்கள். சிலரைக் காணவில்லை என்ற செய்தி வந்ததும் மயினி, பக்கத்து வீட்டு அக்காளையும் என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அந்த ஊரில் எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. அங்கேயும் கோயில் முற்றம், அதே போல் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்கள். மயினி ஒரு சின்னப் பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஜெபமாலை நடந்துகொண்டிருந்தது. பரலோக மந்திரத்தில் அந்த வரி வந்தபோது அந்தப் பெண்ணின் வாய் நின்றது. மயினி அவள் தோளில் கையைப் போட்டு, நான் கேட்கும்படி, முழுதாகச் சொன்னார்.

மாலை முடிந்ததும் அந்தப் பெண்ணிடம், “கஞ்சி குடிச்சியா மக்ளே? கொஞ்சம் குடி. பொறவு அவருக்க ஆதார் கார்டும் ரேஷன் கார்டும் எடுத்து வை. நாளைக்குப் பலரும் வந்து கேப்பாங்க, அசலை மட்டும் யாருக்கிட்டயும் குடுத்துராத” என்றார்.