முதலில் திருகு, பிறகு டெலஸ்கோப்

குடகில் நடவு முடிந்ததும் செப்டம்பர் தொடக்கத்தில் கயில் பொள்து பண்டிகை வரும். வீட்டுத் துப்பாக்கிகளைத் துடைத்து, பூ வைத்து வணங்குவார்கள். தேங்காயைக் குறிவைத்துச் சுடும் போட்டிகள் நடக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் துப்பாக்கி பழுதுபார்ப்பவருக்கு ஓய்வே கிடையாது. மடிக்கேரிப் பக்கம் உரிமம் பெற்ற பெரியவர் ஒருவரின் பட்டறைக்குப் போயிருந்தேன்.

மேசைமேல் ஒரு .22 ரைஃபிள். செக்கோஸ்லோவாகியாவில் செய்த பழைய பிர்னோ மாடல் 2. கொண்டுவந்த இளைஞருக்கு அது தாத்தாவின் சொத்து. குண்டுகள் சிதறிப் பாய்கின்றன, டெலஸ்கோப் மாட்டினால் சரியாகுமா என்று கேட்டார். கையிருப்போ குறைவு.

“கண்ணாடி கடைசியில தம்பி. முதல்ல திருகைப் பார்ப்போம்” என்றார் பெரியவர்.

தோட்டா இல்லை என்று உறுதிசெய்துகொண்டு போல்ட்டை உருவினார். பேரலுக்குள் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். .22 தோட்டாவின் குண்டு மெத்தென்ற ஈயம். அதனால் பேரல் லேசில் தேயாது. துடைக்கும் கம்பி உரசி வாய் விளிம்பு கெடுவதுதான் வழக்கம். லென்ஸ் வைத்துப் பார்த்தார்; விளிம்பு பழுதில்லாமல் இருந்தது.

அடுத்து, பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு காகிதத் துண்டை நகர்த்தினார். பாதியில் நின்றுவிட்டது. குடகு மழையில் ஈரம் குடித்து உப்பிய மரம் பேரலை ஒருபக்கமாக நெருக்கியிருந்தது. குண்டு சிதற அதுவே போதும். விளக்குப் புகையில் பேரலின் அடியைக் கருக்கி, கட்டையில் பதித்து, திருகுகளை முடுக்கிக் கழற்றினார். மரத்தில் கரி ஒட்டிய இடத்தை மட்டும், உருளைக் குச்சியில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்தார். மறுபடி கரி, மறுபடி தேய்ப்பு. காகிதம் தடையின்றி ஓடியதும், தேய்த்த மரத்தில் ஆளிவிதை எண்ணெய் பூசினார். பூசாமல் விட்டால் அடுத்த மழைக்கே மரம் மறுபடி உப்பும்.

ட்ரிக்கரில் பிசினாக இறுகிக் கிடந்த பழைய எண்ணெயை மட்டும் சுத்தம் செய்தார். ட்ரிக்கரை இலகுவாக்கித் தரச்சொல்லிப் பலரும் கேட்பார்களாம். “குழந்தைங்க நிக்கிற இடத்துல சுடுற போட்டி. தட்டினா வெடிக்கிற ட்ரிக்கர் எதுக்கு?” என்றார். வெறும் ரைஃபிளைக் காக் செய்து, கட்டையின் அடியை ரப்பர் பாயில் தட்டிப் பார்த்த பிறகே திருப்திப்பட்டார்.

செலவுக்கும் அவரே வரிசை சொன்னார்: இரண்டு மூன்று வகைத் தோட்டா வாங்கி, 50 மீட்டரில் ஐந்தைந்தாகச் சுட்டுப் பார். எது நெருக்கமாக விழுகிறதோ அதையே வாங்கு. பணம் மிஞ்சினால் டெலஸ்கோப். இந்த ரைஃபிளின் மேற்புறத்திலேயே அதைப் பொருத்த வெட்டு இருக்கிறது. துளை போட வேண்டாம்.

1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்த ரைஃபிள்களுக்கு வேட்டை வேலை இல்லை, விளையாட்டு மட்டுமே. குடகர்களுக்குத் துப்பாக்கி உரிமத்திலிருந்து 2029 வரை விலக்கு உண்டு. ஆனால் பழுதுபார்ப்பவருக்கு 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். பொறுப்பு பெரிது, வருமானமோ பருவத்தோடு சரி. பெரியவரிடம் தொழில் பழக ஆளில்லை.

பழைய ரைஃபிள் வைத்திருப்பவர்களே, வீட்டில் அரம் எடுத்து ட்ரிக்கரில் கைவைக்காதீர்கள். புதுக் கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை உரிமம் பெற்ற கைவினைஞருக்குக் கொடுங்கள். சுடுதல் சங்கங்கள் இந்தப் பெரியவரிடம் நாலு இளைஞர்களை அனுப்பிப் பழக்கட்டும். கற்றுத்தர அவர் தயாராக இருக்கிறார்.